தோப்பிலிருந்து கொடைக்கானல் வரை

கொடைக்கானலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏரியில் தொடங்குவார்கள். நான் பெரியகுளத்துக்காரி. எனக்கு அந்த வரலாறு மலையடிவாரத்தில், கிருஷ்ணம நாயக்கன் தோப்பில் தொடங்குகிறது. வத்தலக்குண்டு வழியாக மோட்டார் சாலை வருவதற்கு முன் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், கொடைக்கானலுக்குப் போன வெள்ளைக்காரர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போனார்கள். துரைமார்களில் சிலர் நடந்தார்கள், சிலர் குதிரையில் ஏறினார்கள். துரைசாணிகளும் குழந்தைகளும் நோயாளிகளும் எங்கள் ஆள்களின் தோளில் போனார்கள். என் அப்பத்தாவின் தகப்பனார் அப்படித் தூக்கியவர்களில் ஒருவர். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் அவருக்கு இடமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலை அப்போது ஆளில்லாத காடாக இருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பளியரும் புலையரும் குன்னுவரும் காலங்காலமாக அங்கே வாழ்ந்தார்கள். பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர், வெள்ளகவி எல்லாம் பழைய ஊர்கள். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகளை இன்றும் பார்க்கலாம். தாண்டிக்குடியில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில் கிடைத்த மணிகளும் ஈமப் பொருள்களும், அந்த மலையூர் வெளியுலகத்தோடு தொடர்பு வைத்திருந்தது என்பதைக் காட்டின. மிளகும் ஏலமும் பூண்டும் மலைவாழையும் பொதிமாட்டின் முதுகில் இறங்கி வந்தன, உப்பும் துணியும் கருவாடும் அதே முதுகில் ஏறிப் போயின. பூம்பாறையிலிருந்து வடக்கே பழனிக்கு இறங்குகிற தடமும் வெள்ளகவியிலிருந்து தெற்கே பெரியகுளத்துக்கு இறங்குகிற தடமும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே கால்பட்டுத் தேய்ந்தவை.

1821-இல் லெப்டினன்ட் வார்ட் இந்த மலையை அளக்க வந்தார். வெள்ளகவியைத்தான் தங்குமிடமாக வைத்துக்கொண்டார். அங்கிருந்து மேலே ஏறித்தான் இன்றைய கொடைக்கானல் இருக்கும் பள்ளத்தாக்கைப் பார்த்தார். அந்த மேட்டுக்கு அவர் போனதை எல்லாப் புத்தகங்களும் 'முதன்முதலில்' என்றே எழுதுகின்றன. வெள்ளகவியில் தங்கி, வெள்ளகவிக்காரர்களின் தடத்தில் ஏறிப் போனவரை முதலாமவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் அளந்து காகிதத்தில் பதித்தவர் என்றால் சரி. அந்தக் காகிதம் பெரிய காரியம்தான், அதன்பின்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

1834-இல் மதுரை சப்-கலெக்டர் ராட்டன், சென்னை ரெவின்யூ போர்டைச் சேர்ந்த காட்டன் என்பவரோடு தேவதானப்பட்டியிலிருந்து ஏறி, செண்பகனூருக்குப் பக்கத்தில், அடுக்கம் கணவாயின் தலைமாட்டில் ஒரு சிறு பங்களா கட்டினார். 1836-இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் வந்து செடிகொடிகளைக் குறித்துக்கொண்டு போனார். ஆனால் கொடைக்கானலில் குடியிருக்கவே வந்தவர்கள் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். காய்ச்சலும் காலராவும் அந்தக் குடும்பங்களை வாட்டியெடுத்தன. முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இன்னும் உயரமான இடம் தேடிப் பழனி மலைக்கு வந்து, 1845-இல் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள். சன்னிசைடு, ஷெல்டன் என்று அவற்றுக்குப் பெயர். பிள்ளைகளைப் பறிகொடுக்கிற பயத்தில் மலையேறியவர்கள் அவர்கள். அந்தத் துயரத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு வீட்டுக்கும் கண்ணாடி, இரும்பு, சமையல் பாத்திரம், அலமாரி எல்லாம் எப்படி மேலே போயிருக்கும் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள்.

அதைவிட யோசிக்க வைப்பது படகு. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவின்ஜ் 1863-இல் ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். ஏரியில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். அப்போது தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் இடையே ரயில் இல்லை, மலைக்கு வண்டிப்பாதை இல்லை. சமவெளியில் மாட்டுவண்டி இழுத்திருக்கும். தோப்பிலிருந்து மேலே அந்தப் படகுக்கு மனிதத் தோளைத் தவிர வேறு வழி இருந்திருக்க முடியாது. லெவின்ஜுக்கு ஏரிக்கரையில் நினைவுச் சிலுவை இருக்கிறது. அவர் கொடைக்கானலுக்கு நிறையச் செய்தவர், அந்தச் சிலுவைக்குத் தகுதியானவர். படகைச் சுமந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் ஒரு ஸ்டேஷன் வைத்தார்கள், பின்னாளில் அதற்குக் கொடைக்கானல் ரோடு என்று பெயர் மாறியது. அதுவரை மதுரையிலிருந்து வண்டி கட்டி வந்தவர்கள் இனி அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அங்கிருந்து தோப்புக்கு முப்பது மைலுக்கு மேல். சாயங்காலம் கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மெத்தை போட்டுப் படுத்தால் வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் என்று இரவெல்லாம் வண்டி உருளும். வழியில் மாடு மாற்றுவார்கள். விடியும்போது தோப்பு. இரவுப் பயணத்துக்கு வெயில் மட்டும் காரணமில்லை. அடிவாரத்தில் இரவு தங்கினால் குளிர்காய்ச்சல் பிடிக்கும் என்ற பயமும் இருந்தது. அந்தக் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897-இல் கண்டுபிடிக்கும்வரை, கெட்ட காற்றுதான் காரணம் என்று நினைத்தார்கள். பயணிகள் தோப்பில் தங்காமல் மேலே போய்விடலாம். தூக்குகிற ஆள்கள் முந்தின இரவே வந்து மாமரத்தடியில் படுத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் என் அப்பத்தா சொன்னதைத்தான் நான் நம்புகிறேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் அப்பனுக்குக் கஞ்சிக் கலயம் எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனவள். சீசன் என்றால் சித்திரை, வைகாசி. தோப்பில் அப்போது சந்தைக் கூட்டம் இருக்குமாம். மேஸ்திரி ஆள்களைப் பிரித்துவிடுவார். நாற்காலிக்கு இருபுறமும் நீளமான மூங்கில் கம்பு கட்டியிருக்கும். நான்கு பேர் தூக்க, மாற்றாளாக இன்னும் நான்கு பேர் கூடவே நடப்பார்கள். கனத்த ஆளாக இருந்தால் கூடுதலாக ஆள் வேண்டும். பெட்டி படுக்கைக்குத் தனி ஆள்கள், அவர்கள் தலையில் சும்மாடு. கைக்குழந்தைகளைத் துணித் தொட்டிலில் போட்டுக் கம்பில் கோத்து இருவர் தூக்குவார்கள். இடுப்பில் கேப்பைக்களி உருண்டையும் ஒரு துண்டு கருவாடும் முடிந்துகொண்டு கிளம்புவார்கள்.

தோப்பிலிருந்து மேலே பதினோரு மைல் போலத் தூரம். ஏறுகிற உயரம் ஆறாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்குப் போட்டால் சராசரியாகப் பத்தடி நடந்தால் ஓரடி ஏற்றம் வருகிறது. சில இடங்களில் அதைவிடச் செங்குத்து. அந்தத் தடத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் கூலி காட், அதாவது கூலிகளின் மலைப்பாதை. கீழே முள்ளும் புளியமரமும், நடுவில் மூங்கில், மேலே சோலைக்காடு. ஒரே காலைப் பொழுதில் வேர்வையிலிருந்து நடுக்கத்துக்குப் போய்விடுவார்கள். நாற்காலியில் இருப்பவர் பாதி வழியில் கம்பளிக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வார். தூக்குகிறவருக்கு இடுப்பு வேட்டியும் தலைத்துண்டும்தான்.

"ஏறுறதுகூடப் பரவால்ல தாயி, எறங்குறப்பதான் முட்டி வாங்கிரும்" என்று அவள் அப்பன் சொன்னதை அப்பத்தா எனக்குச் சொல்லியிருக்கிறாள். மழை பெய்த தடத்தில், முன்னே இருக்கிற இருவர் தோளில்தான் பாரம் முழுவதும் சாயும். வழுக்கினால் நாற்காலியில் இருப்பவரோடு பள்ளத்துக்குப் போக வேண்டியதுதான். அதனால் எல்லோரும் ஒரே அடியாக வைக்க, முன்னால் நடக்கிற ஒருவர் குரல் கொடுத்துக்கொண்டே போவார். முன்னால் கல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வளைவு இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் குரலிலேயே பின்னால் வருகிறவர்களுக்குப் போய்விடும். என் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு தோளிலும் காய்ப்பு இருந்ததாம். சாகும்வரை கரையவில்லை என்று அப்பத்தா தன் தோளைத் தொட்டுக் காட்டிச் சொல்வாள்.

மேலே போய் இறக்கிவிட்டு அன்றே திரும்புகிறவர்களும் உண்டு. இருட்டிவிட்டால் ஏதாவது கொட்டகையில் நெருப்பு மூட்டி ஒருவரோடு ஒருவர் ஒண்டிக்கொண்டு கிடப்பார்கள். கொடைக்கானலின் உயரம் 2,133 மீட்டர். அந்தக் குளிருக்குச் சமவெளி உடம்பு பழகாது.

ஆள் மட்டுமா போனார்கள்? 1895-இல் செண்பகனூரில் இயேசு சபையினர் குருமடம் தொடங்கினார்கள், அதற்கான புத்தகங்கள் போயின. 1899-இல் சென்னையிலிருந்து வானாய்வகம் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. மிக்கி ஸ்மித் அதன் இயக்குநர். 1901-இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் பள்ளி தொடங்கியது, அதுதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-இல் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் வானியல் மாணவர்கள் அதை எவர்ஷெட் விளைவு என்று படிக்கிறார்கள். மோட்டார் சாலை வருவதற்கு முன்னால் நடந்த கண்டுபிடிப்பு அது. தொலைநோக்கியின் கண்ணாடியும் பித்தளைக் குழாயும் இரும்புத் தாங்கியும் மலையேறியபோது லாரி இல்லை. கைதவறினால் உடைந்துபோகிற கண்ணாடியை உடையாமல் மேலே சேர்த்தவர்கள் யாரோ இருந்தார்கள். விஞ்ஞானப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் இதையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் நல்லது.

இப்போது சாலைக்கு வருவோம். கோக்கர்ஸ் வாக் என்ற நடைபாதையில் நின்று கீழே பார்த்திருப்பீர்கள். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் போட்டது. பனி விலகினால் நேர் கீழே தெரிவது எங்கள் பெரியகுளத்துச் சமவெளி. எட்டிக் குதித்துவிடலாம் போலத் தெரியும். அவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். தெற்கே மலை சுவராக விழுகிறது, வண்டிக்கு வேண்டிய சரிவை அங்கே கண்டுபிடிக்க முடியாது. தென்கிழக்கே, வத்தலக்குண்டு பக்கம், மலை படிப்படியாக உயர்கிறது. 1870-களிலேயே மேஜர் லா என்பவர் அந்தப் பக்கத்தில் ஒரு தடம் வகுத்தார், அதனால் லாஸ் காட் என்ற பெயர். அது கொடைக்கானல்வரை முழுமையான சாலையாவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1914-க்கும் 1916-க்கும் இடையில்தான் மோட்டார் வண்டி ஏறிப்போகிற வழியாகப் பொதுமக்களுக்குத் திறந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் சுற்றிச் சுற்றிப் போனாலும், சராசரி ஏற்றம் முப்பதடிக்கு ஓரடிதான். டம்டம் பாறையில் நின்று எதிரே எலிவால் அருவியைப் பார்த்து, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று இன்று எல்லோரும் போகிற வழி அதுதான்.

சாலை திறந்த சில சீசனுக்குள் தோப்பு வெறிச்சோடிவிட்டது. நாற்காலி தூக்கியவர்களில் சிலர் மலைத்தோட்டங்களுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனார்கள். சிலர் கொடைக்கானலுக்குள்ளேயே கை ரிக்‌ஷா இழுக்கப் போனார்கள், அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு ஆள் இழுக்க, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தது 1973-இல் கலைஞர் ஆட்சியில். மனிதனை மனிதன் இழுக்கக் கூடாது என்று ஒரு அரசு சட்டமாகச் சொன்னது, என் வீட்டுக் கதை தெரிந்த எனக்குப் பெரிய விஷயம். என் கொள்ளுத்தாத்தா எங்கேயும் போகவில்லை. ஊரிலேயே மாந்தோப்புக் காவலுக்கு இருந்துவிட்டார். சாலை வந்ததில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "கூலி போச்சுன்னு வருத்தம், தோளு பொழச்சுதுன்னு சந்தோசம்" என்றாள்.

கொடைக்கானலிலிருந்து மேற்கே போன சாலைக்கு வேறு கதை. 1920-களில் சென்னை ஆளுநர் கோஷன் பெயரில் பேரிஜம் பக்கம் ஒரு சாலை போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியர் சென்னை மாகாணத்தில் இறங்கிவிட்டால் கொச்சிக்குத் தப்பிப் போக ஒரு வழி வேண்டுமென்று 1942-இல் அந்த வழியை டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு வரைக்கும் செப்பனிட்டார்கள். டாப் ஸ்டேஷனில் அதற்கு முன்பே ஒரு ரயில் வந்து போயிருந்தது: மூணாற்றுத் தேயிலையை ஏற்றிவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் வந்தன. கொடைக்கானல்–மூணாறு சாலை 1990-இல் மூடப்பட்டுவிட்டது. காட்டுக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். யானைக்கும் காட்டெருமைக்கும் ஒரு பக்கமாவது மிஞ்சட்டும்.

எங்கள் பக்கத்துப் பழைய தடத்துக்கு வருகிறேன். அண்மைக் காலத்தில் பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாகக் கொடைக்கானலுக்கு ஒரு சாலை வந்திருக்கிறது. ராட்டன் பங்களா கட்டிய அதே கணவாய்ப் பக்கம். மழைக்காலத்தில் மண்சரிந்து அடைபடுகிற சாலைதான். என்றாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை மறுபடியும் பக்கத்தில் வந்துவிட்டது.

பக்கத்தில் வராத ஊர்களும் உண்டு. அவற்றில் ஒன்று வெள்ளகவி, 1821-இல் வார்ட் தங்கிய அதே ஊர். வட்டக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்கு மேலே, நடுமலையில் இருக்கிறது. ஊரே கோயில் என்று நினைப்பவர்கள், ஊருக்குள் செருப்புப் போட மாட்டார்கள். காப்பியும் எலுமிச்சையும் பட்டர் புரூட்டும் குதிரை முதுகில்தான் இறங்கும். 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமானது, 1996-இல் தேனி தனி மாவட்டமானது. அந்த ஊரின் நிர்வாகம் திண்டுக்கல்லில், சந்தை தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் என்று ஆகிவிட்டது. இரண்டு மாவட்டத்துக்கும் கடைசி ஊர் என்றால் கவனிப்பு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளகவி மட்டுமில்லை, எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற சின்னூர், பெரியூர் பக்கமும் இதே நிலைதான். கர்ப்பிணியையோ பாம்பு கடித்தவரையோ கம்பில் துணி கட்டித் தொட்டிலாக்கித் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து இறங்கி வருகிற படத்தை நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் என் கொள்ளுத்தாத்தாவின் தோள்தான் நினைவுக்கு வருகிறது. அவர் தூக்கியது கூலிக்கு. இவர்கள் தூக்குவது உயிரைக் காப்பாற்ற.

மேலே வாகனம் அதிகமாகிவிட்டது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரலில் சீசனுக்காக வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். மலை தாங்காது என்று நீதிமன்றம் சொன்னது சரி. அதே மலையில் ஒரு ஆம்புலன்ஸ்கூடப் போக முடியாத ஊர்கள் இருக்கின்றன. காட்டைப் பிளந்து பெரிய சாலை போடச் சொல்லவில்லை. வனத்துறை வருந்தாத அளவில், ஒரு ஜீப் போகிற பாதை, ஆற்றுக்கு ஒரு பாலம், ஊரிலேயே ஒரு செவிலியர். இவ்வளவுதான் அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்பது, அதை முதலில் கொடுக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள் எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு. பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, அம்மையநாயக்கனூர்ப் பக்கம் பல குடும்பங்களில் வண்டி ஓட்டியவர், நாற்காலி தூக்கியவர், சுமை சுமந்தவர், குதிரை பார்த்தவர் இருந்திருப்பார்கள். அவர்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: பெயர், ஊர், எந்த ஆண்டுவாக்கில், யாருக்குத் தூக்கினார், கூலி எவ்வளவு, எந்த வழி. ஒரு நோட்டில் எழுதி உள்ளூர் நூலகத்தில் கொடுங்கள். போதிய பெயர்கள் சேர்ந்ததும் தோப்பில் ஒரு கல் நட்டு அவற்றை வெட்டி வைப்போம். என் கொள்ளுத்தாத்தாவின் பெயரை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.